ரோட்டு வேலைக்குப் போட்ட தாவணி

என் வயதுக்காரிகளே, நம்மில் பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது, மீதிப் பேருக்குக் காது போய்விட்டது. ஞாபகம் மட்டும் போய்த் தொலைய மாட்டேன் என்கிறது. என் மருமகள் நூறு நாள் வேலைக்குப் போகிறாள். காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் போனில் படம் பிடிக்கிறார்களாம். "முக்காட்ட எடுங்க, மூஞ்சி தெரியணும்" என்று அதட்டுகிறாளாம் படம் பிடிக்கிற பெண். மருமகள் அலுத்துக்கொண்டு இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூஞ்சியைப் பார்த்து ஆள் எடுக்கிறார்களே, அதுவே பெரிய காரியம். எங்கள் காலத்தில் உடுப்பைப் பார்த்து எடுத்தார்கள்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். மற்ற எழுத்தெல்லாம் தம்பியின் புத்தகத்தை வாசித்தும், கடைப் பொட்டலத்துப் பேப்பரை வாசித்தும் வந்தது. ஐந்தாவதோடு ஏன் நின்றது என்று பேரன் பேத்திகள் கேட்டால், "அந்தக் காலத்துல அப்படித்தான்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அந்தக் காலம் என்ன செய்தது பாவம்? செய்ததெல்லாம் மனுஷர்கள்தான். அதிலும் எனக்கு நல்லது நினைத்த மனுஷர்கள்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் கலைந்து எங்கள் பக்கமெல்லாம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அன்னவாசலுக்குக் கிழக்கே எங்கள் ஊர். மழை அடுத்தடுத்துப் பொய்த்துப்போனது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் ஆட்டுக்குட்டி கால் வைத்தால் தூக்கித்தான் விட வேண்டும். மகாராஜா போனார், மழையும் அவர் பின்னாலேயே போய்விட்டது என்று சில பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். யார் மேலாவது பழியைப் போடாவிட்டால் நம் ஆட்களுக்குப் பட்டினிகூடச் செரிக்காது. குப்பைக்கீரையைக் கடைந்து குடித்தோம். புளியங்கொட்டையை வறுத்து, தோலுரித்து, ஊறவைத்து இடித்துத் தின்றோம். வாய்க்குள் போனால் நனைந்த துணியைச் சவைப்பது போல இருக்கும். கேப்பைக் கூழ் கிடைத்த நாள்தான் எங்களுக்குப் பொங்கல்.

ஆண்கள் வேலையில்லாமல் செத்துப்போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், மூச்சு மட்டும் இருந்தது. என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போனார். அங்கே உள்ளூர்க்காரர்களுக்கே வேலை இல்லை என்று நடந்தே திரும்பி வந்தார். வந்தவர், வேலையே இல்லாத மண்வெட்டிக்குப் புதுக்காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தமுக்கு அடித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து அன்னவாசலுக்குச் சர்க்கார் ரோடு போடப்போகிறது, வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வேலை உண்டு, சனிக்கிழமை தோறும் கூலி. பஞ்ச வேலை என்று அதற்குப் பெயர். பஞ்சத்துக்கு வேலை கொடுத்தார்களா, பஞ்சமே வேலை பார்த்ததா என்று தெரியாது, ஆனால் தமுக்குச் சத்தம் கேட்டு ஆத்தா அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

எனக்கு அவளைவிடச் சந்தோஷம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு அன்னவாசல் போக வேண்டும். நடுவில் முள்ளுக்காடு, ஒற்றையடிப் பாதை. பெண்பிள்ளையை அந்த வழியில் அனுப்பமாட்டேன் என்று அப்பா சொல்லியிருந்தார். எங்கள் டீச்சர் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் சாக்பீஸ் தூள். தமுக்கு அடித்த மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "ரோடு வந்துருச்சுன்னா ஒங்கப்பா ஒண்ணும் சொல்லமுடியாது. ஆறாவதுக்கு நானே ஒன்னையக் கொண்டுபோய்ச் சேத்துவிடுறேன், சரியா?" என்றார். சர்க்கார் எனக்காகத்தான் ரோடு போடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பதினோரு வயதில் அப்படித்தானே நினைப்போம்.

ஓவர்சியர் வந்தார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த மாதிரி சைக்கிள் மணிச் சத்தம் முதலில் வரும், அப்புறம் காக்கி அரைக்கால் சட்டை, அப்புறம்தான் அவர். முள்ளுக்காட்டை வெட்டி, முளைக்குச்சி அடித்து, சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டார்கள். அந்தப் பொட்டலில் வெள்ளைக்கோடு நீளமாகப் போனதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

கோடு போட்ட கையோடு ஓவர்சியர் இரண்டு சட்டம் சொன்னார். ஒன்று, ஒரு வெட்டுக்கு இரண்டு சுமை. ஒரு ஆண் மண்ணை வெட்டினால் அதைச் சுமக்க இரண்டு பெண்கள். மூன்று பேராக வந்தால்தான் வேலை, குறைந்தால் கிடையாது. இரண்டாவது, சின்னப்பிள்ளைகளை வேலைக்குக் கொண்டுவரக்கூடாது.

"புள்ளைக படிக்கணும்னுதான் சர்க்கார் இந்தச் சட்டம் போட்டுருக்கு. கொண்டாந்தீங்கன்னா மூணு பேரையும் சேத்து அனுப்பிருவேன். அப்பறம் என்னையச் சொல்லிக் குத்தமில்ல."

நல்ல சட்டம்தான். இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் யார் பிள்ளை, யார் பெரியவள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ஊரில் எவளுக்கும் பிறந்த தேதி கிடையாது. "பெரிய காத்தடிச்ச வருசம்", "செவலை மாடு செத்த மாசம்" என்றுதான் கணக்கு. ஓவர்சியர் யோசித்துப் பார்த்துவிட்டு, பாவாடை சட்டை போட்டவள் பிள்ளை, தாவணியோ சேலையோ போட்டவள் பெரியவள் என்று முடிவு செய்தார். முதல் நாளே கீழத்தெருவில் ஒரு குடும்பம் பாவாடைப் பெண்ணைக் கூட்டி வந்து, மூன்று பேரும் கூடையோடு திரும்பிப் போனார்கள். அந்த ஆள் போகும்போது தன் மகளின் முதுகில் ஒரு அறை கொடுத்தார். அவள் என்ன செய்வாள்?

அப்பா வெட்டு. ஆத்தா ஒரு சுமை. இன்னொரு சுமைக்கு ஆள் இல்லை. அப்பாவின் தங்கச்சி கல்யாணமாகி வேறு ஊர். என் தம்பி கைப்பிள்ளைக்குக் கொஞ்சம் மேலே. அக்கம்பக்கத்தில் கேட்டால் எல்லாரும் அவரவர் ஆளோடு சேர்ந்தாகிவிட்டது. அப்பா அன்றைக்கு முழுக்க வீடுவீடாகப் போய்த் திரும்பி வந்து, திரும்பவும் அந்த மண்வெட்டிக் காம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆத்தா எழுந்தாள். பெட்டியைத் திறந்து, அரக்குக் கரை போட்ட கண்டாங்கிச் சேலையை எடுத்தாள். அவள் கல்யாணத்துக்கு அவள் தம்பி எடுத்துக் கொடுத்தது. அதைத் தரையில் விரித்து, அரிவாள்மணையில் வைத்து நடுவில் ஒரு கீறல் போட்டு, இரண்டு கையாலும் இழுத்துக் கிழித்தாள். அந்தச் சத்தத்தில் தம்பி பயந்து அழுதான். ஒரு பாதியை என் பாவாடை மேல் சுற்றித் தோளில் போட்டு இடுப்பில் செருகினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"ஒயரமாத்தான் இருக்கா. யாராச்சும் வயசு கேட்டா பதினஞ்சுன்னு சொல்லு. பேசாம மண்ணச் சொம, பல்லக் காட்டாத."

"பள்ளிக்கூடம்?"

"வேல முடிஞ்சதும் போகலாம்டி. பள்ளிக்கூடம் எங்கிட்டு ஓடிப் போயிரும்?"

நெடுநெடுவென்று நான்தான் வளர்ந்து தொலைத்தேனே. புளியங்கொட்டை தின்று ஒருத்தி வளர்வாள் என்று யார் கண்டது?

ரோட்டு வேலை எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்கு முதலில் உச்சந்தலைதான் ஞாபகம் வருகிறது. சும்மாட்டுத் துணி எத்தனை மடிப்பாக வைத்தாலும் கூடையின் கனம் கழுத்துக்குள் இறங்கும். சரளை மண், உள்ளே கூழாங்கல். கூடை இடுக்கு வழியே செம்மண் ஒழுகி வியர்வையோடு கண்ணுக்குள் போகும். உச்சி வகிட்டில் முடி உதிர்ந்து ஒரு ரூபாய் அகலத்துக்கு வழுக்கை விழுந்தது. கொட்டிய மண்ணை நான்கு பேர் திம்சுக் கட்டையால் இடிப்பார்கள். அந்த அதிர்வு வெறுங்காலில் ஏறும். மத்தியானக் கூழை ஆத்தா சட்டியில் கொண்டு வருவாள், மேலே மூடி என் சிலேட்டு. வீட்டில் வேறு மூடி இல்லை. ஆவிபட்டு ஆவிபட்டு நான் எழுதி வைத்திருந்த கணக்கு அழிந்து, கடைசியில் சட்டமும் கழன்று, அது எங்கே போனது என்றே தெரியாமல் போனது.

ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், எனக்குத் தாவணி பிடித்திருந்தது. பெரிய பெண்களோடு வரிசையில் நடக்கிற பெருமை. சனிக்கிழமைகளில் வீட்டில் சோறு. அப்பா சிரிக்க ஆரம்பித்தார். ரோடும் நீண்டுகொண்டே போனது. இதன் மேல்தான் நான் ஆறாவதுக்குப் போகப் போகிறேன் என்று ஒவ்வொரு கூடையையும் கொட்டும்போது நினைத்துக்கொள்வேன்.

பங்குனி வெயிலில் ஒருநாள் ஓவர்சியர் அளந்துகொண்டே வந்து எங்களிடம் நின்றார். நான் கூடையோடு போய்க்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நில்லு. இந்தப் பொண்ணு யாரு? சின்னப் புள்ளையால்ல தெரியுது?"

நான் பதினைந்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஐயா, எம் மகதாங்க. பெரியமனுஷிங்க. போன தையிலயே ஆயிட்டாங்க."

"நெசமாத்தானா?"

"பெத்த புள்ள மேல யாராச்சும் பொய் சொல்லுவாங்களா?"

ஓவர்சியருக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளை என்ன கேட்க முடியும்? "சரி சரி, வேலையப் பாருங்க" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் போனார், ஆனால் மண் சுமக்கிற வரிசை அப்படியே நின்றுவிட்டது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கழுத்தை வெட்டினாலும் பொய் சொல்லாத மனுஷன் என்று அப்பாவுக்கு ஊரில் பெயர். அந்தப் பெயர்தான் எங்களைக் கெடுத்தது.

மேலவீட்டு அத்தை, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆத்தாவிடம் வந்தாள்.

"தையிலயே ஆயிட்டாளா? ஏன்டி, ஒரு வார்த்த சொல்லல? எப்பத் தண்ணி ஊத்துனீங்க? யாரு வந்து ஊத்துனா?"

ஆத்தா ஓவர்சியரின் முதுகைப் பார்த்தாள். கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் மூன்று பேருக்கும் வேலை போகும். "கஷ்ட காலம் மதினி, சடங்கு வைக்க எங்க வக்கு இருக்கு" என்று முணுமுணுத்தாள். அவ்வளவுதான், அப்பா சொன்ன பொய்க்கு ஆத்தாவும் கையெழுத்துப் போட்டது போல ஆகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆத்தா வெடித்தாள். "வயசு பதினஞ்சுன்னு சொல்லிட்டுப் போறத விட்டுட்டு, இதையா சொல்லுவீங்க? அதுவும் அத்தன பேரு காதுபட?"

"வயசச் சொன்னா அந்தாளு நம்பியிருக்கமாட்டான். இதச் சொன்னாத்தான் மேல கேக்கமாட்டான்னு நெனச்சேன்."

"அவரு கேக்கமாட்டாரு. ஊரு கேக்குமே!"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு பெண் பெரியவளானதை மறைப்பது அன்றைக்குச் சின்னக் குற்றமில்லை. குச்சு கட்டி ஒதுக்கி வைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, தீட்டோடு நான் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன், கோயில் கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்கிறேன். அந்தக் கோடையில் ஊரிலேயே தண்ணீர் இருந்தது அந்த ஒரு கிணற்றில்தான். தை மாசத்திலிருந்து ஒரு பொட்டு மழை உண்டா என்று மேலவீட்டு அத்தை கேட்க, எல்லாரும் வாயில் கை வைத்தார்கள். தையிலும் மாசியிலும் எந்தக் காலத்தில் மழை கொட்டியது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அதற்கு முந்தின வருஷம் ஏன் பெய்யவில்லை என்றும் யாரும் கேட்கவில்லை. மகாராஜாவை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

கோயில் பூசாரி வந்து வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். "மொறப்படி சடங்கச் செஞ்சு தீட்டக் கழிங்க. அதுவரைக்கும் இந்த வீட்டு ஆளுக கெணத்துல கைவைக்கப்படாது."

குடிக்கிற தண்ணீரையே நிறுத்திவிட்டால் என்ன செய்வது? ஆத்தா தன் தம்பிக்கு, என் தாய்மாமனுக்கு, ஆள் அனுப்பிச் சொன்னாள். ஆனால் சேதி அதற்கு முன்பே அவர் காதுக்குப் போயிருந்தது. அவர் திருமயத்தில் ஒரு மளிகைக்கடையில் சாமான் நிறுத்துப் போடுகிறவர். புதுக்கோட்டையில் பஸ் மாறி, அன்னவாசலில் இறங்கி, வெயிலில் நடந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"அக்கா, நான் உசுரோட இருக்கனா, செத்துட்டனா? தாய்மாமன் நான் இருக்க, எனக்குத் தெரியாம மகள மூடி வச்சுருக்கியே? கடையில நாலு பேரு கேக்குறான், ஒனக்குச் சீர் செய்ய வக்கில்லைன்னுதான் மறைச்சாங்களான்னு."

ஆத்தா கதவைச் சாத்திவிட்டு அவரிடம் உண்மையைச் சொன்னாள். நானும் அங்கேதான் நின்றேன். என்னைப் பற்றித்தான் பேசினார்கள், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மாமா செருப்பைக் கழற்றிக் கதவோரமாக வைத்தார். அப்புறம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொய்யின்னு சொன்னா ஒங்க மூணு பேருக்கும் வேல போயிரும். பொய் சொல்லி ஆள் காட்டுனாருன்னு மச்சானக் கேட்டாலும் கேப்பாங்க. நெசம்னு விட்டா எம் மானம் போயிரும், கெணத்துத் தண்ணியும் கெடையாது. செஞ்சுடுவோம்க்கா. என்னைக்கோ ஒரு நாளு செய்யப் போறதுதான? முன்னாடியே செஞ்சா என்ன கொறைஞ்சு போகுது?"

எல்லாருக்கும் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. ஆத்தா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். என்ன குறைந்துபோகும் என்று யோசிக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மாமா பச்சை ஓலை வெட்டி வந்து கொல்லையில் குச்சு கட்டினார். என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். வேலையில் ஆள் குறையக்கூடாதே, அந்த நாட்களில் மாமாவே என் கூடையை எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் மண் சுமந்தார். "மாப்பிள்ள, தாவணியக் கட்டிக்கிட்டு வர்றதுதான?" என்று ஊரே கேலி செய்தது. மூன்று பேர் கணக்குச் சரியாக இருந்ததால் ஓவர்சியரும் அந்தச் சில நாளுக்குக் கண்டுகொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தார். நல்ல மனுஷன். அவரைக் கோபிக்கவும் எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டார்.

குச்சுக்குள் எனக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் வந்தன. எங்கே கடன்பட்டாளோ ஆத்தா. பஞ்ச காலத்தில் அப்படி ஒரு சாப்பாடு. தம்பி ஓலைக்கு வெளியே வந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுவான். ஓலையை விலக்கி உருட்டி உருட்டிக் கொடுப்பேன். தீட்டுக்காரி கையால் தின்னக்கூடாது என்று மேலவீட்டு அத்தை அவனை ஒருநாள் அடித்தாள். எனக்குத் தீட்டு இல்லை அத்தை என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கத்தினால் அடுத்த சனிக்கிழமை சோறு இல்லை.

தண்ணீர் ஊற்றினார்கள். மாமா சீர்த் தட்டோடு வந்தார், சேலை, வளையல், பூ, தேங்காய், பழம். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி திருநீறு பூசிவிட்டுக் கிணற்றைத் திறந்துவிட்டார். டீச்சரும் வந்திருந்தார், கையில் ஒரு ரவிக்கைத் துணியோடு. கூட்டம் கலைந்த பிறகு அவர் அப்பாவிடம் பேசினார்.

"அஞ்சாவது பாஸ் போட்டுட்டேன். பெரியமனுஷியாயிட்டா என்னங்க, அன்னவாசல்ல பெரிய பொண்ணுகளும்தான் படிக்குது. அனுப்பிச்சு வைங்க."

"டீச்சரம்மா, சடங்கான புள்ளைய ரோட்டு வழிய தனியா அனுப்புனா ஊருல என்னம்மா பேசுவாங்க?"

"இப்பவும் ரோட்டுலதான மண்ணு சொமக்குது?"

"அது நாங்க கூட நிக்கிறோமுங்க" என்றார் அப்பா. அவர் அதை நியாயம் என்று நினைத்தே சொன்னார். ரோட்டில் மண் சுமக்கலாம், அதே ரோட்டில் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடாது.

டீச்சர் கிளம்பினார். நான் சந்து வழியாக ஓடிப் போய்ப் புளியமரத்தடியில் அவரைப் பிடித்தேன். மாமா எடுத்த புதுச்சேலை காலைத் தடுக்கியது. அழுகை வந்துவிட்டது. "டீச்சர், எனக்கு ஒண்ணும் ஆகல டீச்சர். சத்தியமா எனக்கு ஒண்ணுமே ஆகல."

டீச்சர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "பயப்படாத கண்ணு. மொதல்ல எல்லாப் புள்ளைகளும் இப்படித்தான் சொல்லும். எனக்கும் அழுகையாத்தான் வந்துச்சு. சரியாப் போயிரும்." முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். சாக்பீஸ் வாசனை சேலையில் கொஞ்ச நேரம் இருந்தது. என்னை நம்பியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவரும் பெண்ணாக இருந்து, எல்லாம் தெரிந்திருந்ததால் நம்பவில்லை.

சித்திரைக் கடைசியில் மழை கொட்டியது. கோடைமழை எப்போதும் பெய்வதுதான். ஆனால் தீட்டுக் கழிந்ததால் பெய்தது என்று ஊரே சொன்னது. மேலவீட்டு அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். மழையில் புது மண் கரைந்து ஓட, ஓவர்சியர் வந்து பார்த்துவிட்டு, மழை பெய்துவிட்டது, இனி உழவு வேலைக்குப் போங்கள், பஞ்ச வேலை முடிந்தது என்றார். அன்னவாசலுக்கு முன்னால் குறுக்கே ஓடுகிற காட்டாற்றுக்கு இந்தப் பக்கமே ரோடு நின்றுபோனது. அப்புறம் சில வருஷம் கழித்துத்தான் பாலம் வந்தது, அந்த வழியாகத்தான் என் தம்பி போய் ஹைஸ்கூல் வரைக்கும் படித்தான்.

வேலை முடிந்த அன்றைக்கே நான் ஆத்தாவிடம் போனேன். தாவணியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன்.

"வேலதான் முடிஞ்சுருச்சே. ஓவர்சியரும் போயிட்டாரு. நான் பாவாட சட்டையப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறேன் ஆத்தா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்த நிமிஷம்தான் அவளுக்கே முழுசாக உறைத்திருக்க வேண்டும். தாவணியை எடுத்துத் திரும்ப என் தோளில் போட்டாள்.

"சடங்கான புள்ள பாவாடையோட திரிஞ்சா ஊரு கைகொட்டிச் சிரிக்கும்டி. அப்ப நடந்தது பூராப் பொய்யின்னு ஆகிப்போகும். மாமன் தலைகுனிஞ்சுருவான். ஒன்னைய நாளைக்கு எவன் கட்டுவான்?"

"வேல முடிஞ்சதும் போகலாம்னு சொன்னியே."

"சொன்னேன்தான்" என்றாள். தாவணி முனையை இழுத்து என் இடுப்பில் செருகிவிட்டாள்.

பொய் ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் அதற்கு மாசா மாசம் தீனி போட வேண்டும். பெரியமனுஷியான பெண் மாசத்துக்கு மூன்று நாள் ஒதுங்கி உட்கார வேண்டுமே. உட்காராவிட்டால் அக்கம்பக்கம் கேட்கும். அதனால் ஆத்தா தான் ஒதுங்குகிற நாட்களிலேயே என்னையும் கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தாள். தனித் தட்டு, தனிப் பாய், குடத்தைத் தொடக்கூடாது. ஒன்றுமே இல்லாத நான் மாசா மாசம் தீட்டுக்காரியாக உட்கார்ந்திருந்தேன். தம்பியின் முதல் வகுப்புப் புத்தகத்தை அவனுக்குத் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவேன். எனக்குத் தெரிந்த பாடம்தான், இருந்தாலும் வாசிப்பேன். பெரிய கோபம் வரும். யார் மேல் என்று தெரியாது.

அப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. ஓர் ஐப்பசிக் காலையில் அது நிஜமாகவே வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஆத்தாவோடு தாழ்வாரத்தில் ஒதுங்கி உட்கார்ந்து எழுந்திருந்தேன். நான் பயந்துபோய் ஆத்தாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்தாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது, நானே பார்த்தேன். பெற்றவள் அல்லவா? உடனே கதவைச் சாத்தினாள்.

"சத்தம் போடாத. போன வாரந்தான் ஒக்காந்து எந்திரிச்ச. இப்ப மறுபடி ஒக்காந்தா மேலவீட்டுக்காரி தோண்டித் துருவிருவா." துணி கொடுத்தாள். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். அப்புறம் குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "எப்பவும் போலக் கெணத்துக்குப் போயிட்டு வா. போகாட்டி ஏன்னு கேப்பாங்க."

கோயில் கிணற்றடியில் பெண்கள் கூட்டம். மேலவீட்டு அத்தைதான் எனக்கு வாளியைக் கொடுத்தாள். "என்னடி, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?" என்றாள். "ஒண்ணுமில்ல அத்த" என்று இறைத்தேன். பூசாரி பூப்பறித்துக்கொண்டிருந்தார். ஒரு ஓலைக் குச்சுக்காகவோ சீருக்காகவோ நான் ஏங்கவில்லை. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இன்றைக்குத்தான் என்று தெரிந்து என்னைப் பார்க்கமாட்டார்களா என்று இருந்தது. அந்த வருஷம் கண்மாய் நிறைந்து மறுகால் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குடத்தோடு திரும்பி வந்தேன். ஆத்தா வாசலிலேயே காத்திருந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"நல்லவேள, யாருக்கும் தெரியல" என்றாள்.

நான் பெரியமனுஷியான அன்றைக்கு எனக்குக் கிடைத்த வாழ்த்து அது ஒன்றுதான்.